குடியில்லை என்று எழுதிக்கொடுத்த வீடு

திருவனந்தபுரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் தண்ணீர் கேட்டால், ரோஜாப்பூ நிறத்தில் ஆவி பறக்க ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்தது. சித்திரை வெயிலில் வியர்த்து வடிந்துகொண்டு போனாலும் அதேதான். வந்த புதிதில், யாரோ வெற்றிலைக் கறைக் கையைக் கழுவிய தண்ணீர் என்று நினைத்துத் தம்ளரைத் தள்ளிவைத்தேன். பிறகு குடிக்கப் பழகினேன். என் மகள் அதைத்தான் தண்ணீர் என்கிறாள், தென்காசிக்குப் போனால் பானைத் தண்ணீரைப் பார்த்து, "இது திளப்பிச்சதா?" என்று கேட்கிறாள், கொதிக்கவைத்ததா என்று. எனக்கோ இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிவப்பு நீரைக் கண்டதும் கை ஒரு கணம் தயங்கும். என் வீட்டு வழக்கைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் இந்தத் தயக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்காசியை விட்டு இங்கே வந்தேன். அங்கே சொந்தமாக ஒரு பழைய அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பைனான்ஸில் வாங்கிய கார். குற்றால சீசன் மூன்று மாதம் நன்றாக ஓடும், மிச்ச மாதங்கள் ஸ்டாண்டில் நிற்கும். தவணை மட்டும் சீசன் பார்ப்பதில்லை. கடைசியில் கூட்டாளி ஒருவன், "வண்டிய எங்கிட்ட விட்டுரு, பாக்கித் தவணைய நான் கட்டிக்கிடுதேன்" என்றான். சாவியைக் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை, எழுத்தும் வாங்கவில்லை. அவன் மூன்று கோயில் சாட்சியாகச் சொன்ன பிறகு பத்திரம் கேட்பது மரியாதையா? ஊரில் அப்போது யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மரியாதையோடுதான் சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழர் நடத்தும் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆரியசாலைப் பக்கம் வாடகை வீடு. வீடு என்றால் எனக்குத் தென்காசியில் அப்பாவும் நானும் கல் சுமந்து கட்டிய இரண்டு அறைதான். அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அந்த முகவரியிலேயே இருந்தன. "இங்க ஒரு கார்டு எடுத்தா மண்ணெண்ணெயாவது கிடைக்கும்" என்று என் மனைவி வடிவு வருடத்துக்கு இரண்டு தரம் சொல்வாள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பப்போகிறவனுக்கு எதற்குக் கார்டு என்று நானும் இரண்டு தரம் சொல்வேன்.

பத்தாவது வருடம், ஒரு வைகாசி மாதத்தில் கடைக்கு போன் வந்தது. தென்காசியில் பக்கத்து வீட்டு ஆவுடை மதினி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து கத்தினாள். "தம்பி, கோர்ட்டு அமீனா வந்து ஒம் வீட்ட ஜப்தின்னு சொல்லி தண்டோரா போட்டுட்டுப் போறாம்ப்பா. கதவுல காயிதம் ஒட்டிருக்கான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அன்றே பஸ் ஏறினேன். ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கிப் புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால், கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துத் தொடங்கும். கண் தானாக எல்லாவற்றையும் படிக்கும். சைக்கிள் கடை, முடிதிருத்தகம், பழைய தேர்தல் சுவரெழுத்து என்று ஒன்றையும் விடாது. ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். வெளிநாட்டிலிருந்தா வருகிறேன்? நாலரை மணி நேரப் பயணம். ஆனால் ஏக்கத்துக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. அன்று மட்டும் எதையும் படிக்காமல் வந்தேன்.

கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். கூட்டாளி தவணையை நிறுத்தியிருக்கிறான். வண்டி பைனான்ஸ்காரர்கள் கைக்குப் போய் ஏலமாகி, மிச்சப் பணத்துக்கு வட்டியோடு என்மேல் வழக்காகியிருக்கிறது. நான் ஆஜராகவில்லை என்று மூன்று வருடம் முன்பே ஒருதலையாகத் தீர்ப்பும் ஆகிவிட்டது. சம்மன் எங்கே போயிற்று என்று கேட்டதும் மதினி உள்ளே போய், மிளகாய் வற்றல் டப்பாவின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். கதவில் ஒட்டிய சம்மன். பசையோடு கொஞ்சம் பச்சைப் பெயிண்டும் சேர்ந்து வந்திருந்தது.

"அமீனா தெரு முக்கு திரும்புததுக்கு முன்னால தண்ணி தொட்டு உரிச்சுட்டேன் தம்பி. நாலு பேரு பாத்தா ஒனக்குக் கேவலம்லா."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா மதினி?"

"பொங்கலுக்கு வந்தப்ப சொல்லணும்னுதான் இருந்தேன். நீ பிள்ளைகளோட சிரிச்சிக்கிட்டு இருந்த. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு விட்டுட்டேன். பொறவு மறந்தே போச்சு."

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. திருவனந்தபுரத்தில் என் வாசலில் ஒரு காகிதம் ஒட்டினால், அது மழையில் நனைந்து விழும்வரை அப்படியே இருக்கும். என் மானத்தைத் தன் மானமாக நினைத்து உரித்து வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மதினி செய்த காரியத்தால்தான் என் வீடு போகப்போகிறது. அவளைப் போல் ஆள் இருப்பதால்தான் அது எனக்கு வீடு. இதை எந்த வக்கீலிடம் சொல்வது?

வக்கீலிடம் சொன்னேன்தான். அவர் சிரிக்கவில்லை. "அந்த அம்மா பேர எடுக்காதீங்க. கோர்ட் காயிதத்தக் கிழிச்சாகன்னா அவுகளும் மாட்டிக்கிடுவாக. நீங்க இங்க குடியில்ல, அதனால சம்மன் சேரல. அதான் நம்ம பாயிண்ட். ரேஷன் கார்டு எங்க?"

"இங்கதான்."

"ஓட்டு?"

"இங்கதான் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வீடு தப்ப வேண்டுமானால் நான் அதில் வசிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கார்டை ஒப்படைத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு மாற்ற வேண்டும். பத்து வருடமாக அங்கேதான் குடியிருக்கிறேன் என்று சான்றிதழும் வாங்கிவர வேண்டும்.

மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு விஜயன் சாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸுக்குப் போனேன். பத்து வருடமாக எங்களுக்குள் இருந்தது காலைச் சிரிப்பும், மழை பற்றி ஒரு வார்த்தையும்தான். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "ஸ்திரதாமசமாணோ?" என்று கேட்டார். நிரந்தரமாக இங்கேதானா என்று அர்த்தம். எனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பழக்க தோஷம் முந்திக்கொண்டது.

"அல்ல சாரே. அடுத்த கொல்லம் நாட்டிலேக்குப் போகும்."

அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். போகிறவனுக்கு எப்படி எழுதித் தருவது? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. விஜயன் சார்தான் மேசை மேல் சாய்ந்து சொன்னார்: "சாரே, அடுத்த கொல்லம் போகும்னு இயாள் எல்லாக் கொல்லமும் பறயும். எங்கும் போவில்ல. இயாள் இவிடத்துகாரனா. எழுதிக்கோ."

வருடாவருடம் இப்படிச் சொல்வான், எங்கும் போகமாட்டான் என்றார். இவன் இந்த ஊர்க்காரன். அதைக் கேட்க மாட்டோமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன், தமிழன் என்ற இளக்காரத்தில் 'பாண்டி' என்று யாராவது முதுகுக்குப் பின்னால் சொன்ன நாட்களில் குறிப்பாக. கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். என் அடுத்த வருடத்தை அந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு நாளும் நம்பாமல்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய தீர்ப்பு ரத்தானது. பைனான்ஸ்காரர்களோடு பேசி, நான் ஓட்டாத வருடங்களுக்கும் சேர்த்துச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தேன். கூட்டாளி கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறானாம், தேடவில்லை. வீடு இருக்கிறது. ஆனால் எனக்குள் இருப்பது, விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் அறையில் போட்ட கையெழுத்துதான். "மேற்படி வீட்டில் நான் குடியிருக்கவில்லை, அது என் இருப்பிடமும் அல்ல என்று சத்தியமாகச் சொல்கிறேன்." குமாஸ்தா வாசித்துக் காட்டினார். அப்பா இறந்த வீடு, வடிவு மணப்பெண்ணாக வந்து ஏறிய வீடு. என் பெயரை நான் அவ்வளவு மெதுவாக எழுதியதே இல்லை.

"ஆர்டர் ஆகுற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க" என்றார் வக்கீல். "எதிர்க்கட்சிக்காரன் பாத்தான்னா, ராத்தங்கினாரு, குடியிருக்காருன்னு சொல்லிருவான்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டும். பிறந்த ஊரில் முதல் தடவையாக லாட்ஜ் தேடினேன். ஆடி மாதம், சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. மேனேஜர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பெயர் எழுதினேன். ஊர் என்ற கட்டத்தில் திருவனந்தபுரம் என்று எழுதினேன். சத்தியம் செய்த மை இன்னும் காயவில்லை, வேறு எதை எழுத?

அவர் எட்டிப் பார்த்தார். "குத்தாலத்துக்கா? சீசனுக்கு வந்தீயளோ?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! கேரளாக்காரக இம்புட்டுச் சுத்தமா நம்மூருத் தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல. எங்க படிச்சீய?"

"பழக்கம்தான்" என்றேன். அறைச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டபோது, அது என் வீட்டுச் சாவியோடு உரசிச் சத்தம் எழுந்தது. வெளியே கேட்டுவிடாமல் பையைக் கையால் அமுக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.