மணையில் உட்காருவதற்காக நடந்தேன்

இடுப்பு வலிக்கிறது என்று நான் சொன்னால் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் முதலில் சிரிப்புதான் கிளம்பும். "ஒங்களுக்கு இடுப்பு எங்க ஆயா இருக்கு? காட்டுங்க பாப்போம்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

மலேசியாவின் இந்தக் கேமரன் மலைச் சரிவுகளில் பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள் நான். முதுகில் கூடை, காலடியில் வழுக்கும் மண், மழையென்றால் தலையில் பிளாஸ்டிக் துணி. நாற்பதைத் தொட்டதும் முதுகு மக்கர் செய்தது. எஸ்டேட் துரை இரக்கப்பட்டு என்னை ஆயாக்கொட்டகைக்கு மாற்றிவிட்டார். வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் கலக்குவது, தொட்டில் ஆட்டுவது, பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் வேலை. கடைசி வேலையை ரொம்பச் சிரத்தையாகச் செய்தேன். நாலே வருஷத்தில், எனக்கு ஜாக்கெட் தைக்கும் தையல்காரம்மா என் பழைய அளவுச் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

நடக்க, நிற்க, சமைக்க எப்படியோ சமாளித்துவிடுவேன். முடியாதது ஒன்றே ஒன்று, தரையில் உட்கார்ந்து எழுவது. உட்காரும்போதே முதுகில் கத்தி இறங்கும். எழும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்து இருவர் தூக்க வேண்டும். ஒருமுறை கொட்டகையில் பாய் விரிக்கக் குனிந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் அங்கேயே இருந்தேன். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். என் மடியில் ஏறி லோரி ஓட்டினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதம், என் ஒரே மகளுக்குச் சம்பந்தம் முடிவானது. தை மாதம் கல்யாணம், எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலிலேயே. மாப்பிள்ளை தங்கமான பையன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்தப் பேச்சு வந்தது.

பெண்ணைப் பெற்றவர்கள் தம்பதியாக மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அப்பா மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைப்பார், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவாள். மணை என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் பலகை. அதில் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு இருக்க வேண்டும். தம்பதியில் ஒருவரால் முடியாது என்றால் இருவருமே விலகிக்கொள்ள, பங்காளி வீட்டுத் தம்பதி ஒன்று உட்காரும். நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்பதெல்லாம் இந்தக் காலத்துப் பேச்சு. மணமக்கள் தரையில், அக்கினி தரையில், நான் மட்டும் உயரத்தில் உட்கார்ந்து தாரை வார்ப்பதா?

சாயங்காலம் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். அவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. பேச்சு குறைவு, பேசினால் இப்படித்தான்.

"அண்ணனும் அண்ணியும் கம்போங் ராஜாலேர்ந்து வருவாங்கல்ல. அவங்களே உக்காந்து தாரை வாத்துடட்டும் புள்ள. நீ நாற்காலில உக்காந்து நிம்மதியா பாரு."

"பத்து மாசம் சொமந்தவ நானு. தாரை வாக்கிறது அவங்களா?"

"ஒனக்குத்தான் முடியலையே..."

"முடியலன்னு ஒங்ககிட்ட நான் சொன்னனா?"

கையிலிருந்த அகப்பையைச் சட்டியில் போட்டேன். லயத்துச் சுவர் பலகைச் சுவர். அந்தச் சத்தமும் அதற்குப் பிறகு நான் பேசியதும் ஆறு வீடு தள்ளிக் கேட்டிருக்கிறது. மறுநாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும்தான். தட்டை வைப்பேன், தண்ணீரை வைப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனால் உள்ளுக்குள் பயம். அவர் சொன்னதில் பொய் இல்லையே. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தட்டிப் பார்த்தார், குனியச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை, சதை பலமில்லாமல் போய்விட்டது, பாரமும் ஏறிவிட்டது, படுத்தே கிடந்தால் இன்னும் மோசமாகும் என்றார். என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது நர்ஸ். என்னைப் போலவே உருண்டையான பெண், அதனால் எனக்குக் கூச்சமில்லை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்கு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார். தினமும் பத்து நிமிஷம் நட, வாரத்துக்கு வாரம் கூட்டு. கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் "பெலான் பெலான் லா, ஆச்சி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு தெம்பு வரவில்லை.

மறுநாள் கொட்டகை வேலை முடிந்ததும் நடக்கக் கிளம்பினேன். காலில் காலுறை, மேலே நல்ல ஸ்வெட்டர், கையில் குடை. மத்தியானத்துக்குமேல் எங்கள் மலையில் மழையை நம்ப முடியாது. அதனால் ஒரு பையில் துண்டும் மாற்றுக் கைலியும் திணித்துக்கொண்டேன். பெரிய ரோட்டைப் பார்த்து எஸ்டேட் ரோட்டில் இறங்கினேன்.

இருபது அடி போயிருக்க மாட்டேன், கொழுந்து லோரி வந்து நின்றது. எஸ்டேட்டில் யாரையும் நடக்கவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது.

"ஏறுங்கக்கா" என்றார் டிரைவர்.

"இல்ல தம்பி, நான் நடக்கிறேன்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மாதான்."

சும்மா! எங்கள் எஸ்டேட்டில் அதுவரை யாராவது சும்மா நடந்திருக்கிறார்களா? தண்ணீருக்கு நடப்பார்கள், விறகுக்கு நடப்பார்கள், கடைக்கு நடப்பார்கள். சும்மா நடந்த ஆளை அந்த டிரைவர் கண்டதே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு பெக்டரி பக்கம் லோரியைப் பறக்கவிட்டார்.

நான் பாட்டுக்கு நடந்தேன். மூச்சு வாங்கியது. தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். தொட்டி தெரிந்த நேரத்தில் பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். அதே லோரி. இந்த முறை பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர். தலையெல்லாம் தேயிலைத் தூசி. பின்னால் கூடைகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள், அத்தனை பேரும் எனக்குத் தெரிந்தவர்கள்.

நிற்பதற்கு முன்பே குதித்து ஓடி வந்தார்.

"ஏ புள்ள, நில்லு! கல்யாணத்த வெச்சிக்கிட்டு இப்படிப் பொறப்பட்டா நான் எங்க போவேன்? ஒங்கம்மா வீட்டுக்கெல்லாம் போவ வேணாம். நீயே மணையில உக்காரு. நீயே தாரை வாரு. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன், மாரியாத்தா மேல ஆணை!"

அப்போதுதான் புரிந்தது, கோவித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மட்டுமா, லோரியே நினைத்துவிட்டது. ஒரு கிழவி மேலிருந்து, "ஏறு தாயீ, ஆம்பள இவ்வளவு எறங்கி வந்தப்புறம் என்ன?" என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். துண்டையும் கைலியையும் கண்டதும் கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. "ரெண்டு துணியோட எங்க புள்ள போகப் பாத்தே?" என்றார். அடடா, இருபத்திரண்டு வருஷத்தில் என்னை இப்படி யாரும் தேடி வந்ததில்லையே! வாயை மூடிக்கொண்டேன். முகத்தை இன்னும் கொஞ்சம் உம்மென்று வைத்துக்கொண்டு லோரியில் ஏறினேன். ஏற்றிவிட ஐந்து பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் அதே பையோடு கிளம்பியபோது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மிஸ்ஸி, டாக்டர், மழை, மாற்றுத் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நேத்து?" என்றார். "நேத்தும் இதுக்குத்தான்" என்றேன். லோரி நிறைய ஆள் இருக்க, மாரியாத்தா மேல் சத்தியம் செய்தாயிற்று. இனி வாபஸ் வாங்க முடியுமா? தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, உக்காந்துருவே. எந்திரிக்கணுமே, அதுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

அதற்கு வழி தேடித்தான் ஐந்து மாதம் நடந்தேன். முதலில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் கோயில், அப்புறம் பெரிய ரோட்டு பஸ் நிறுத்தம். லோரி டிரைவர் இப்போது நிறுத்துவதில்லை, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போவார். "அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்க. இங்க அம்மியே அடி வெக்கிதுலா!" நான் குடையை ஓங்குவேன். கொட்டகையில் பிள்ளைகள் தூங்கும் நேரம் பாயில் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவேன். தூங்குவதாக நடித்த வானரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வரிசையாக மல்லாந்து படுத்துத் தங்கள் இடுப்பையும் தூக்கும். எண்ணிக்கையை நான் தொடங்குவேன், அதுகள் நாலுக்கு அப்புறம் ஒன்பது சொல்லும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுச் சதை பலப்பட்டது என்றால் அதில் பாதிப் பங்கு அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

தீபாவளி முடிந்த வாரம் எனக்குத் திமிர் வந்துவிட்டது. ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தான குறுக்கு வழியில் ஏறினேன், பழைய கொழுந்துக்காரி என்கிற நினைப்பு. பாதியில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுக்கை. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளைக்கு நான் தாரை வார்க்கப் போவதில்லை, ஆசைப்பட்டதெல்லாம் வீண் என்று தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மிஸ்ஸி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நான் என்ன சொன்னேன்? பெலான் பெலான்!" என்று திட்டினாள். நடப்பதை நிறுத்தாதே, ஆனால் இதுவரை நடந்த தூரத்தில் பாதியிலிருந்து ஆரம்பி என்றாள்.

வீட்டுக்காரர் அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் ஒரு தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்து எழப் பழகினேன். இரண்டு வாரம் கழித்துக் குட்டை ஸ்டூல். அடுத்து ஒரு சாக்கு மூட்டை. மார்கழிக் குளிரில் ஒரு காலை, வெறும் பலகை. ஒருக்களித்துத் திரும்பி, ஒரு முட்டியை ஊன்றி, தொடையில் கையை வைத்து எழுந்துவிட்டேன்! கடிகாரம் பார்த்தால் ரொம்ப நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் யாரும் தூக்கவில்லை. மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பெரிதாக ஒன்றும் இளைத்துவிடவில்லை நான். ஜாக்கெட்டில் இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கம்போங் ராஜா காய்கறித் தோட்டத்திலிருந்து முட்டைக்கோஸ் மூட்டைகளோடு அக்கா வந்து இறங்கினார், வீட்டுக்காரரின் அண்ணி. நான் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை வாங்கப் போனேன். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளைடியம்மா, நீ உக்காரே. ஒன் வீட்டுக்காரரு கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல முடியல. தோட்டத்துல குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முட்டி ரெண்டும் போச்சு" என்றார். இவரையா நான் ஐந்து மாதம் மனசுக்குள் வைதேன்!

மறுநாள் மணவறையில் உட்கார்ந்தேன். வலித்தது, பொறுக்க முடிகிற வலி. பனி விலகாத காலை, ஹோமப் புகை, நாதஸ்வரம். அவர் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் மூவர் கையையும் நனைத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது, இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

தாலி கட்டி முடிந்தது. "பெத்தவங்க எந்திரிங்க, பொண்ணு மாப்பிள்ள கால்ல விழணும்" என்றார் ஐயர். எனக்குத் தெரியும், அத்தனை கண்ணும் என் மேல்தான். இரண்டு மச்சான்கள் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். "நகருங்க" என்றேன். ஒருக்களித்தேன், முட்டியை ஊன்றினேன், எழுந்தேன். கொழுந்து லோரியில் வந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

பக்கத்தில் பார்த்தால் வீட்டுக்காரர் எழவில்லை. "கால் மரத்துப்போச்சு புள்ள, கையக் குடு" என்றார் மெதுவாக. கோயிலே சிரித்தது. அவரைத் தூக்கி நிறுத்தினேன்.

மகளும் மாப்பிள்ளையும் எங்கள் காலில் விழுந்தார்கள். மற்ற கல்யாணங்களில் நான் நின்றபடியே அட்சதை தூவிவிட்டு, எழுப்பிவிடும் வேலையை யாருக்காவது விட்டுவிடுவேன். அன்று முட்டியை மடக்கி இறங்கி, என் பிள்ளையின் தோளை இரண்டு கையாலும் பிடித்து, நானே தூக்கினேன்.