புஷ்பவள்ளி காவல் காத்த குளம்

புஷ்பவள்ளி சந்தேகப்படாத ஆள் ஜுரு ஊரில் இன்னும் பிறக்கவில்லை. புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குறை கண்டுபிடிப்பதுதான் ஓய்வு பெறும்வரை அவள் உத்தியோகம். வேலை போன பிறகும் கண் போகவில்லை. மீன்காரன் தராசு, கோயில் உண்டியல், மருமகள் காமினி குரலைத் தாழ்த்திப் போனில் பேசுவது என்று எல்லாமே அவளுக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும்.

"சாமியே நேர்ல வந்தாலும் நீ ஐசி கேப்ப லா, அடையாள அட்டை காட்டுன்னு" என்பார் கணவர் திருநாவுக்கரசு. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அவர் கார்களுக்கு பிரேக்கும் ரேடியேட்டரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடை வரிசைக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்குவதற்காக வீடமைப்புக்காரர்கள் வெட்டிய குளம் இருந்தது. கோரையை அவர்கள் நட்டார்கள். தவளைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. மழை விட்ட சாயங்காலங்களில் கடையின் பின்வாசலில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அவை கத்துவதைக் கேட்பதில் புஷ்பவள்ளிக்கு அப்படி ஒரு நிம்மதி. உலகத்திலேயே அந்தச் சத்தத்தில் மட்டும்தான் அவள் குறை கண்டதில்லை.

இந்த வருஷம் சத்தம் குறைந்தது. குனிந்து பார்த்தாள். தலைப்பிரட்டைகளுக்கு வால் கோணியிருந்தது. சில நேராக நீந்த முடியாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. கால் முளைக்க வேண்டியவை முளைக்காமலே செத்து மிதந்தன. யாரோ செய்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த யாரோவுக்கு அடுத்த கடையிலேயே ஆள் இருந்தான். ஹஸ்ருல், காருக்குப் பெயின்ட் அடிப்பவன், போன வருஷம் வந்தவன். காலையில் அவளைப் பார்த்ததும் "ஆன்ட்டி" என்று தலை குனிந்து வணக்கம் வைப்பான். ஒருத்தன் காரணமில்லாமல் இவ்வளவு மரியாதை கொடுப்பானா என்பதே அவளுக்குப் பெரிய சந்தேகம். படம் பிடித்து நகராண்மைக்குப் புகார் அனுப்பினாள். அதிகாரிகள் வந்தார்கள். குளத்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறோம், தப்பு இவன் பக்கம் என்று தெரிந்தால் கடை உரிமம் போய்விடும் என்றார்கள். ஹஸ்ருலின் மனைவி சித்தி ஹாஜராவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அது புஷ்பவள்ளிக்கும் தெரியும். தெரிந்தும் மனசு இளகவில்லை.

சோதிக்க வந்தவள் அமீரா, கடலுக்கு எதிரே இருக்கும் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்த பல்கலைக்கழகப் பெண். உலோகத் தூள் தண்ணீரில் கரைந்து போய்விடாது, வருஷக் கணக்கில் சேற்றில் படிந்து சேரும், அந்தச் சேற்றைச் சுரண்டித் தின்றுதான் தலைப்பிரட்டை வளர்கிறது என்று மலாயில் விளக்கினாள். செம்பு கொஞ்சம் இருந்தாலே போதுமாம். நல்ல தலைப்பிரட்டைகளை இரண்டு வலைக்கூண்டுகளில் விட்டாள். ஹஸ்ருல் கடைக் கழிவுநீர் ஓடும் லோங்காங் குளத்தில் விழும் இடத்தில் ஒன்றை இறக்கினாள், திருநாவுக்கரசு கடை லோங்காங் வாயில் மற்றொன்றை.

"நம்ம பக்கம் எதுக்கு?" என்றாள் புஷ்பவள்ளி.

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆன்ட்டி" என்றாள் அமீரா. அமீராவின் மேலும் புஷ்பவள்ளிக்கு ஒரு சந்தேகம் விழுந்தது.

ஆனால் பெரிய கவலை ஹஸ்ருல்தான். செத்ததை எடுத்துவிட்டு உயிருள்ளதைப் போட்டு வைத்தால் யார் கண்டார்கள்? நாற்காலியும் குடையுமாகக் குளக்கரையில் காவல் உட்கார்ந்தாள் புஷ்பவள்ளி. இருட்டியதும் குளத்து வேலிக் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

"பேங்க்ல கூட இப்படி காவல் இல்ல" என்றார் திருநாவுக்கரசு.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் கடையைக் கழுவுவது வழக்கம். சாமான் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, ஒரு வருஷத்து அழுக்கை ஒரே நாளில் துரத்துவார்கள். அடுத்தவர் கழுவினால் அவளுக்குத் திருப்தி வராது, அதனால் ரப்பர் குழாயை அவளே பிடித்தாள். பிரேக் தூளும், செம்பு ரேடியேட்டர் ராவிய பொடியும், ஈயப் பற்றுத் துணுக்கும் சாம்பல் குழம்பாக வழிந்து லோங்காங்கில் இறங்கின. ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, கண் மட்டும் ஹஸ்ருல் குளத்துப் பக்கம் போகிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்தது. தரை பளிச்சென்று ஆனது. மறுநாள் ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள்.

பூஜை முடிந்த கையோடு அமீரா வந்தாள். ஹஸ்ருல் பக்கத்துக் கூண்டைத் தூக்கினாள். உள்ளே தலைப்பிரட்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. திருநாவுக்கரசு கடைப் பக்கத்துக் கூண்டைத் தூக்கினாள். ஒன்றுகூட அசையவில்லை, எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"யாராவது இங்கே வந்தார்களா? கூண்டைத் தொட்டார்களா?" என்று அமீரா கேட்டாள். ஹஸ்ருல் தன் கடைச் சுவரோரம் நின்றான், கையில் பெயின்ட் துணி.

திருநாவுக்கரசு மனைவியின் காதருகே வந்தார். "வள்ளி, கொஞ்ச நேரம் கண் அசந்துட்டேன்னு சொல்லிடு. அது போதும். நம்ம கடை லா."

போதும்தான். அந்த ஒரு வார்த்தையில், கூண்டில் கை வைத்தான் என்ற பழி அடுத்த கடைக்குப் போய்விடும். தன்னைத் தவிர எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் மலாயிலேயே பேசினாள். ஹஸ்ருலுக்கும் புரிய வேண்டும்.

"யாரும் வரவில்லை. பகலில் நான் கண் மூடவே இல்லை. இரவில் பூட்டுச் சாவி என் கழுத்தில்தான் இருந்தது. நேற்று எங்கள் கடையைக் கழுவினோம். தண்ணீர் பிடித்தது நான்."

"நேற்று மட்டுமா ஆன்ட்டி?"

"கடை திறந்த நாளிலிருந்து, வருஷா வருஷம்" என்றாள் புஷ்பவள்ளி. சுவரோரம் நின்றவனை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.