நாலாவது கோலுக்குப் பிறகு

சேலத்து பஸ் எருமப்பட்டிக் கடைவீதியில் நின்றதும் டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். “சாயக்கடைக்காரரு போயிட்டாருங்க. நாளைக்குக் காத்தால அடக்கமுங்க” என்றார். எந்தச் சாயக்கடைக்காரர் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் போகிற அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

அருளப்பன் அண்ணனை உங்களில் பலர் கால்பந்துப் போட்டியின் காரியதரிசியாக அறிவீர்கள். சேலம் அம்மாபேட்டை நெசவாளர்களுக்குச் சாயம் விற்றுப் பிழைத்தவர். ஞாயிறு காலை மாதாகோயில் பூசை, மாலை மைதானம் என்று வாழ்ந்தவர். அவர் பொறுப்புக்கு வருமுன் ஒரு ஆட்டத்தில் தோற்ற அணி மூட்டை கட்டிவிடும். எருமப்பட்டி அணித் தலைவனாக நான் பல முறை அப்படி மூட்டை கட்டியிருக்கிறேன். அவர்தான் அதை மாற்றினார். “அவ்வளவு தூரம் வண்டி கட்டிட்டு வர்றவங்க ஒரே ஆட்டத்தோட திரும்பறது நல்லாவா இருக்குது?” என்று கமிட்டியில் கேட்டாராம். அதன் பிறகு அம்மாபேட்டை, மாதாகோயில் தெரு, ராசிபுரம், எருமப்பட்டி என்ற நாலு அணிகளும் ஒன்றோடொன்று ஆடின. வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. புள்ளிகள் சமமானால் போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்து, மிச்சம் அதிகமுள்ள அணி மேலே. இந்த விதியையும் அவரே எழுதினார். யாரும் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதத்தில் அந்த விதி எங்கள் மீது வந்து விழுந்தது. அம்மாபேட்டை ராசிபுரத்தை வென்றிருந்தது. ராசிபுரம் மாதாகோயில் தெருவை வென்றது. மாதாகோயில் தெரு அம்மாபேட்டையை வென்றது. மூன்று ஆட்டத்திலும் விழுந்தது தலா ஒரே ஒரு கோல். எங்களை மாதாகோயில் தெரு மூன்று கோலிலும் ராசிபுரம் நாலு கோலிலும் தோற்கடித்திருந்தன. மிச்சமிருந்தது அம்மாபேட்டைக்கும் எங்களுக்குமான ஆட்டம். அம்மாபேட்டை எங்களை வென்றால் மூன்று அணிக்கும் புள்ளி சமம். கோப்பை வேண்டுமானால் அவர்கள் எங்களுக்கு ஐந்து கோல் போட வேண்டும்.

இடைவேளையின்போது அருளப்பன் அண்ணன் தகரக் குழாயை வாயில் வைத்து இதைக் கூட்டத்துக்கு அறிவித்தார். அது அவர் வேலை. அப்போது இரண்டு கோல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். மூன்று என்று கத்தினார்கள், நாலு என்று கத்தினார்கள். கோல் காக்கும் எங்கள் கோலி பழனியப்பன் கடலைக்காட்டில் வேலை செய்து இறுகிய உடம்புக்காரன். என் பக்கம் திரும்பி, “தோத்தா தோத்துட்டுப் போறோமுங்க. அஞ்சு மட்டும் ஆகக் கூடாது” என்றான். கடைசி நிமிஷங்களில் அம்மாபேட்டைக்காரர் ஒருவர் பந்தோடு தனியாக உள்ளே நுழைந்தார். பழனியப்பன் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டான். பாய்ந்த வேகத்தில் சவுக்குமரக் கோல் கம்பத்தில் தலை மோதியது. ஐந்தாவது கோல் விழவில்லை. அவன் எழவும் இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

கோப்பையை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. அம்மாபேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் கோல் கணக்கும் இப்போது சமம். நேருக்கு நேர் நாங்கள்தான் வென்றோம் என்றது அம்மாபேட்டை. அப்படிப் பார்த்தால் உங்களை வென்றவர்கள் நாங்கள் என்றது மாதாகோயில் தெரு. கோப்பை கொடுத்த செல்வந்தர் காசு சுண்டிப் பார்க்கலாம் என்றார். அருளப்பன் அண்ணன் எழுந்து நின்றார். “புள்ளியில மூணு பேரும் சமம். சமத்தைச் சமம்னு சொல்ல என்ன கூச்சம்? அதைச் சொல்லாமத்தானே ஒரு பையனைக் கொன்னோம்” என்றார். செல்வந்தர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் அருளப்பன் அண்ணன் எருமப்பட்டிக்கு வந்தார். பழனியப்பனின் அப்பாவிடம் நான்தான் அழைத்துப் போனேன். விதி எழுதியதும் தான்தான், ஐந்து வேண்டும் என்று குழாயில் சொன்னதும் தான்தான் என்று நின்றபடியே சொன்னார். பெரியவர் அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். “நீங்க என்ன சாமி பண்ணுவீங்க? வெளையாட்டுன்னா அடிபடுறதுதானுங்க. எங்கூட்டுக்கு நேரஞ் சரியில்லீங்க” என்றார். அண்ணனோடு கடைவீதி வரை நடந்தேன். பஸ் வந்து நின்ற பிறகு, “அவர் என்னைத் திட்டியிருந்தா இன்னிக்கு ராத்திரியாவது தூங்கியிருப்பேன், கந்தசாமி” என்றார்.

அவர் அதன் பின் எந்த ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை என்று அவருடைய மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடையில் சாயப் பீப்பாய் இறக்கும்போது ஆட்கள் உரக்க எண்ணினால் பொறுக்க மாட்டார். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள் என்பார். புது ஆள் ஒருவன் தெரியாமல் எண்ண, கடையை அப்படியே விட்டுவிட்டு வெயிலில் இறங்கி நடந்ததை நானே பார்த்தேன். பின்னால் போய்ப் பிடித்தபோது, “கூட்டம் எண்ணறது கேக்குது, தம்பி. நாலுல நிக்குது. மேல போகவும் மாட்டேங்குது, ஓயவும் மாட்டேங்குது” என்றார்.

மறுபடி போட்டி நடத்தத் துணிந்தபோது முதலில் என்னைத்தான் தேடி வந்தார். கடைசி இடத்து அணியோடு ஆடிய ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடலாம், அப்போது யாரும் உங்களை வதைக்கத் தேவையில்லை என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. “எங்களோட ஆடுனது கணக்கே இல்லீன்னா நாங்க எதுக்குங்க அங்க வாரோம்? பழனி பிடிச்சது கணக்கில்லாத பந்துங்களா?” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த விதியைத் திருத்தினோம். யாரை வென்றாலும் இரண்டு புள்ளி உண்டு. கோலை எண்ணுவதில்லை. ஒன்று போட்டாலும் பத்துப் போட்டாலும் வெற்றி ஒன்றுதான். புள்ளி சமமானால், சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் வென்றார்கள் என்று பார்ப்பது. அதிலும் தீராவிட்டால் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்வது.

சிலர் சிரித்தார்கள். கோல் எண்ணாத கால்பந்து உப்பில்லாத சோறு என்றார்கள். கோப்பை தரவும் ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் அணிகள் வந்தன. யுத்தக் காலத்தில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு நாங்களும் போனோம். ஒரு வருஷம் ராசிபுரத்தோடு கோலே விழாமல் சமன் செய்தோம். அந்த ஒரு புள்ளியை இழந்ததால் ராசிபுரம் முதலிடத்தை இழந்தது. நாங்கள் எடுத்த புள்ளி ஒரு போட்டியின் முடிவை மாற்றியது அதுதான் முதல் தடவை. பையன்கள் புது கோலியைத் தோளில் தூக்கினார்கள். அருளப்பன் அண்ணனைத் தேடினேன். மைதானம் காலியான பிறகும் அவர் கோல் கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தேன்.

கடைசி நாட்களில் ஜுரத்தில் அவர் பேசியதை அவருடைய மகன் அடக்கத்தன்று என்னிடம் சொன்னான். மருந்தைத் தள்ளிவிட்டு, “நாலு போதும். விசில் ஊதுங்க. யாராவது ஊதுங்களேன்” என்று கெஞ்சினாராம். என்ன அர்த்தம் என்று மகனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். அவன் அழுதான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசிக்கிறேன். அவருடைய விதி எல்லோருக்கும் பொது. அவருடைய தூக்கமின்மை என்னால் தாங்கக்கூடியது அல்ல. எனக்கென்று இருப்பது அவர் நின்ற இடம். பழனியப்பன் இறந்த பிறகு அவர் எந்த ஆட்டத்தையும் மேடையிலிருந்து பார்த்ததில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார். ஆட்டம் திரும்பினால் மறு கோடிக்கு நடப்பார். சென்ற ஞாயிறு மாலை அந்த இடம் காலியாக இருந்தது. நான் போய் நின்றேன். உங்களில் யாருக்காவது நேரமிருந்தால் வாருங்கள், அங்கே இன்னும் இடமிருக்கிறது.