பாயாவும் கிளட்ச் கம்பியும்

மலைமேல் இருக்கும் முருகன் தன் கையாலேயே என் பைக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதில், சொந்தமாக ஸ்பேனர் வைத்திருக்கும் ஒரு மனிதன் நம்புகிற விஷயமா இது? கால் மணி நேரம் உறுதியாகவே நம்பினேன்.

அன்றைக்குக் கிருத்திகை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால், பன்னிரண்டு கிருத்திகைக்கு விரதமிருந்து சாயங்கால அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவருவதாக மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அது பன்னிரண்டாவது. ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். முழங்கால் வலி இருப்பதால் திருத்தணிப் படிகள் அவளுக்கு ஆகாது. ஆகவே வண்டி; ஆகவே நான்.

வண்டியிலோ கிளட்ச் தொளதொளவென்று இருந்தது. பிடியை முழுக்க அழுத்தினாலும் கியர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழும். ஒரு கம்பியை இறுக்க மெக்கானிக் எதற்கு என்று காலையில் வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், அழுக்குத் தேய்க்கப் பழைய பல் பிரஷ். இன்ஜின் பக்கம் கம்பி வந்து சேரும் இடத்தில் இரண்டு நட்டு. ஒன்றைத் தளர்த்தி மற்றதைத் திருகினால் கம்பி இறுகும். திருகினேன், நன்றாக வந்தது. நன்றாக வருகிறதே என்று இன்னும் திருகினேன். கடைசியில் பிடியில் துளி ஆட்டமில்லை. கல் மாதிரி நின்றது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் சமர்த்தாகப் போனது. அந்தச் சந்தோஷத்தில், பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு கடையில் இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டேன். கிருத்திகையன்று எங்கள் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழையாது. வெற்றிலை போட்டு வாய் வாசனையை மறைத்துக்கொண்டு திரும்பினேன்.

நாலரைக்குப் பால் சொம்போடு மனைவி பின்னால் ஏறினாள். மலைப்பாதை ஆரம்பித்ததும் இன்ஜின் கத்தியது. வண்டி நகரவே யோசித்தது.

“இன்னாங்க, சத்தம்தான் வருது, ஏற மாட்டேங்குது?”

“கூட்டம் ஜாஸ்தி. மெதுவாப் போறேன்.”

“கூட்டமெல்லாம் நம்மளத் தாண்டிப் போயிக்கினு கீது. இன்னாமோ கருகற நாத்தம் வேற.”

“மேல கற்பூரம் கொளுத்தறாங்க.”

இரண்டாவது வளைவில் வண்டி நின்றேவிட்டது. முறுக்கினால் கத்துகிறது, அவ்வளவுதான். வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆட்கள் பிதுங்கினார்கள். மனைவி சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். “பன்னெண்டாவதுங்க,” என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணு சொல்லணும்.”

“வண்டி ரிப்பேருன்னு தெரியுது. சொல்லுங்க.”

“ரிப்பேர் இல்லடி. காலைல பாயா துன்னுட்டேன். அதான் அவரு ஏத்த மாட்டேங்கறாரு.”

அவள் சொம்பை என் பக்கத்திலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

“எத்தினி இட்லிக்கு?”

“ரெண்டு.”

“முருகன் பாத்துக்கினு கீறாரு.”

“ஆறு.”

அப்போது ஒரு பழைய பைக்கில் வந்தவர் பக்கத்தில் நிறுத்தினார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவராம். “இன்னா நைனா, ஓரங்கட்டிக்கினு பஞ்சாயத்தா?”

“இவரு பாயா துன்னாருண்ணே, வண்டி ஏற மாட்டேங்குது,” என்றாள் மனைவி.

“எங்க ஊத்தினாரு, பெட்ரோல் டேங்க்லயா?”

இறங்கி வந்து கிளட்ச் பிடியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. “யாரு இறுக்கனது?”

நான் எதிர்ப்பக்கப் பாறையைப் பார்த்தேன். “ஐயாதான்,” என்றாள் மனைவி.

“தறியில இப்பிடி இழுத்துக் கட்டினா நூலே அறுந்துடும் நைனா. கொஞ்சம் ஆட்டம் இருக்கணும்.”

கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த திருகை, ஸ்பேனர்கூட இல்லாமல் விரலாலேயே உள்பக்கமாகத் திருப்பினார். பிடியில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவு ஆட்டம் வந்ததும் நிறுத்தினார். “பத்து நிமிஷம் ஆற விடு. அப்பறம் போ. ஊருக்குப் போயி கீழப்பக்கமும் கொஞ்சம் லூஸ் பண்ணு,” என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் பத்து நிமிடமும் மனைவி பாலில் தூசி விழாமல் முந்தானையால் சொம்பை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வண்டி முனகாமல் ஏறியது. மேலே, அபிஷேகம் இன்னும் தொடங்கவில்லை. “நீங்க உள்ள வராதீங்க,” என்று சொல்லிவிட்டு, காலைத் தாங்கித் தாங்கி அவள் போனாள். பால் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டும் முடிந்தது. நான் வெளியே அவள் செருப்புக்குக் காவல் நின்றேன்.

நடந்தது இவ்வளவுதான்: நான் அளவுக்கு மேல் இறுக்கியதில், பிடியைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி அழுந்தியபடியே இருந்தது. ஏற்றத்தில், இரண்டு பேர் பாரத்தில், உள்ளே பிளேட்டுகள் வழுக்கின. இன்ஜின் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை.