இடது பக்கம் மட்டும் ஏன்?

வெள்ளிக்கிழமை காலை பட்டறைப் பூஜைக்குப் பூமாலை வாங்க குயின் ஸ்ட்ரீட் பூக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தேங்காயும் வெற்றிலையும் ஏற்கெனவே பையில் இருந்தன. கைப்பேசி அடித்தது. ஷாமினி. லீலாக்காவின் ஒரே மகள்.

"அங்கிள், அம்மா போய்ட்டாங்க. காலையில எழுப்புனேன், எந்திரிக்கல."

பையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். பூக்கடைக்காரர் பின்னாலிருந்து, "அண்ணே, தேங்காய மறந்துட்டீங்க!" என்று கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தேங்காயைக் கையால் தொடவே எனக்குக் கூசியது. ஏன் என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பொறியாளர் புஷ்பலீலா அவர்களை அறியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்ல வேண்டும். பினாங்கு மாக் மண்டினில் எங்கள் கம்பெனி பிறருடைய கார்களுக்குக் கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் முதலாளிக்குச் சொந்தமாகவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் ஆசை வந்தது. ஆசை யாரைக் கேட்டு வருகிறது! அதற்காக வெளியிலிருந்து எடுத்த நான்கு பொறியாளர்களில் ஒருவர்தான் லீலாக்கா. அவருடைய வேலை காற்று. வேகமாக ஓடும் காரின் மேலும் கீழும் உள்ளும் காற்று எப்படிப் போக வேண்டும், எதைக் குளிர்விக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. என் வேலை அவர் வரைந்ததைச் செய்து பொருத்துவது.

வந்த முதல் வாரமே லிட்டில் இந்தியாவில் பத்து நிறத்தில் கம்பளி நூல் வாங்கி வந்தார். கடைக்காரர், "பேரப்பிள்ளைக்குச் சட்டை பின்னப்போறீங்களா அக்கா?" என்று கேட்டாராம். அந்த நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, மாதிரிக் காரின் உடம்பு முழுக்க ஒட்டச் சொன்னார். காற்றாடியை ஓடவிட்டால் நூல் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று பொருள். படுக்காமல் துடித்தால் அங்கே தப்பு. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாயை அட்டையில் செய்து, அதன் வாயில் சாம்பிராணிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் புகை எப்படி வருகிறது என்று பார்ப்பார். பட்டறையே கோயில் மாதிரி மணக்கும். பையன்கள் உள்ளே வரும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "சிரிங்கடா, சிரிங்க. பிரேக் புடிக்காதப்போ இந்தப் புகையத்தான் கும்பிடுவீங்க," என்பார்.

அந்தக் காரின் முன்முகம் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம்தான். அதன் இரண்டு ஓரத்திலும் இரண்டு வாய்கள். அவற்றில் நுழையும் காற்று குழாய் வழியாகப் போய் முன்சக்கரப் பிரேக்கைக் குளிர்விக்கும். வடிவமைப்பாளருக்கு அந்த வாய்கள் பிடிக்கவில்லை. பாதியாகச் சிறிதாக்கினால் முகம் களையாக இருக்கும் என்று வாதாடினார். "மூக்கு அழகா இருந்தா போதுமா? மூச்சு விட வேணாமா?" என்று கேட்டார் அக்கா. மூன்று மாதம் சண்டை போட்டார். வாய் அவர் சொன்ன அளவிலேயே நின்றது. அந்த நான்கு பேரில் கணக்குப் போட்டுவிட்டு அதோடு நிற்காமல், திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு காருக்கு அடியில் படுத்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் கார் ஓடத் தயாரானது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பங்குதாரரை அதில் உட்கார வைத்து, பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறி இறங்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் இறக்கினோம். புதுக் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, பூஜை போடாமல் எடுப்பார்களா? சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அன்றும் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம்.

முதலாளி தேங்காயைக் கையில் எடுத்தார். அக்கா ஓடி வந்தார்.

"பாஸ், கொஞ்சம் தள்ளி ஒடைங்க. காடி வாயைத் தொறந்து வெச்சிருக்கு."

"என்னா லீலா, சாமிக்கே டிசைன் பண்றியா?" என்று முதலாளி சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். காரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்தார். நல்ல பலம் அவருக்கு. சில்லு நாலாபக்கமும் பறந்தது.

அக்கா குனிந்து இரண்டு வாய்களையும் பார்த்தார். வெளியே எதுவும் தெரியவில்லை. குழாய் உள்ளே வளைந்து போகிறது. வளைவுக்கு அப்பால் பார்க்க வேண்டுமென்றால் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். பதினெட்டுத் திருகு. அதற்குள் பங்குதாரருக்கு எதையோ விளக்க அவரைக் கூப்பிட்டார்கள். போகும்போது என் தோளைத் தொட்டு, "தம்பி, கிளப்புறதுக்கு முன்னாடி கழட்டி உள்ள பாத்துடு," என்றார்.

மணி பத்து இருபது. முதலாளி, "நேரம் போகுது லா, எடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்துக் கேட்டார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

நான் பார்க்கவில்லை. ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

மேலே ஏறும்போது கார் பறந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இறங்கும்போது மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. ஐந்தாவது வளைவில் பிரேக் மிதி தளர்ந்துவிட்டது. ஓட்டியவர் கெட்டிக்காரர், கியரைக் குறைத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் பங்குதாரர் இறங்கிய முகத்தைப் பார்த்தபோதே இது முடிந்த கதை என்று எல்லோருக்கும் புரிந்தது.

பட்டறைக்குக் கொண்டுவந்ததும் நான் தனியாக அடித்தகட்டைக் கழற்றினேன். இப்போது கழற்ற நேரம் இருந்தது, பாருங்கள். இடது குழாயின் கடைசி முனையில், பிரேக்கை ஒட்டி, உள்ளங்கையளவு தேங்காய்ச் சில்லு ஒன்று நாரோடு அடைத்துக்கொண்டு நின்றது. பிரேக் சூட்டில் அதன் வெள்ளை பழுப்பாகியிருந்தது. சட்னிக்கு வறுத்த தேங்காய் வாசனை வந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். இதுவரைக்கும் நான் யோக்கியன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்காச்சும் காட்டுனியா?"

"இல்ல பாஸ்."

"நம்ம சாமி தேங்காயே நம்ம காடியக் கவுத்துடுச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்ல முடியுமா? சிரிப்பான். டிசைன் சிலாப், கணக்கு தப்பு, ஆள மாத்திட்டோம்னு சொன்னா மரியாதையா இருக்கும். தூக்கிப் போடு. நீ உள்ள பாத்தேன்னுதான் எல்லாருக்கும் தெரியும். பாக்கலன்னு தெரிஞ்சா மொத ஆளு நீதான், யோசிச்சுக்க."

யோசித்தேன். வீட்டுக் கடனை யோசித்தேன், இரண்டு பிள்ளைகளை யோசித்தேன். லீலாக்காவுக்கும் கணவர் இறந்தபின் ஒரு பிள்ளையை வளர்க்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் தேங்காயை மறைத்தேன்.

திங்கட்கிழமை கூட்டம். லீலாக்கா எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "ரெண்டு குழாயும் ஒரே அச்சு. என் கணக்கு தப்புன்னா ரெண்டு பக்கமும் பொகையணும். எடது பக்கம் மட்டும் ஏன்?" பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ உள்ள பாத்தேதானே?"

"பாத்தேன்க்கா."

"அப்ப சரி," என்றார். அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் தேவலை. நாலு பேருக்கு முன்னால் என்னைக் கிழித்திருந்தால் நான் ஒருவேளை கக்கியிருப்பேன். நான் பார்த்தேன் என்று சொன்னதால் குழாயில் ஒன்றும் இல்லை என்று நம்பினார். குழாயில் ஒன்றும் இல்லை என்றால் தப்பு தன்னிடம்தான் என்று முடிவுகட்டினார். என் பொய்யை நம்பி, தன் கணக்கைச் சந்தேகப்பட்டார்.

வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். போனார். அடுத்த மாதம் எனக்கு ஃபோர்மன் பதவி வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பதவியும் பாவமும் ஒரே இடத்துக்கு வந்தன.

அவருடைய இடத்துக்கு வந்தவர் அதே குழாயை அளந்தார், சோதித்தார், ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை. மாற்ற ஒன்றுமில்லை. வாயில் ஒரு கம்பி வலை மட்டும் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். இலை தழை போகாது என்று காரணம் சொன்னேன். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள்.

போன வருடம் கார் வெளியானது. விளம்பரத் தாளின் முதல் பக்கத்திலேயே அந்த இரண்டு வாய்களின் படம், கீழே காற்றை வசப்படுத்திய முகம் என்று பெருமை. வடிவமைத்தவர்கள் பட்டியலில் பதினொரு பெயர். வலைக்காக என் பெயரும் இருந்தது. லீலாக்காவின் பெயர் இல்லை. அப்போது அவர் சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு ஏர்கோன் குழாய் வரைந்து கொடுக்கும் கம்பெனியில் இருந்தார். குழாய் அவரை விடவில்லை, அல்லது அவர் குழாயை விடவில்லை.

வெளியீட்டு விழா முடிந்த மறுநாள் என்னை அழைத்தார். குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"படத்துல பாத்தேன் தம்பி. அழகா இருக்கு காடி. வாய் என் சைஸ்லயே இருக்கிற மாதிரி தெரியுது. உள்ள என்னா மாத்துனாங்க?"

கடவுள் எனக்கு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நான் சொன்னேன்: "உள்ள நெறைய மாத்திட்டாங்கக்கா."

"அதானே பாத்தேன்," என்றார். பிறகு என் பிள்ளைகளை விசாரித்தார். பெரியவனுக்குக் கணக்கு வரவில்லை என்றேன். "அனுப்பி வை, நான் பாத்துக்கறேன்," என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்துக்கு முதலாளி நேரில் வந்தார். ஆளுயர மலர் வளையம். கம்பெனியின் அர்ப்பணிப்புள்ள முன்னாள் ஊழியர் என்று எழுதியிருந்தது. ஷாமினியின் தலையைத் தடவி, "ஒங்கம்மா ரொம்ப கெட்டிக்காரி," என்றார். நாக்கில் நரம்பில்லை. ஆனால் அவரைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அவருக்குப் பக்கத்திலேயே நானும் கைகட்டி நின்றேன்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஷாமினி என்னை உள்ளே கூப்பிட்டாள். அவளும் இப்போது பொறியியல்தான் படிக்கிறாள். அம்மாவின் மேசையிலிருந்து ஏழு நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. காற்றின் வேகம், குழாயின் வளைவு, பிரேக்கின் சூடு. வெவ்வேறு மையில், வெவ்வேறு வருடத்தில், அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் விடை சரியாகவே வந்திருந்தது. விடை சரியாக வர வர, அதன் கீழே இன்னும் அழுத்தமாகக் கோடு போட்டு எழுதியிருந்தார்: இடது பக்கம் மட்டும் ஏன்?

கடைசி நோட்டில் அந்தக் கேள்விக்குக் கீழே வேறொரு வரியும் இருந்தது. அடிக்கவில்லை, கோடும் போடவில்லை. 'எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை நான் தப்பாகச் செய்திருக்கிறேன்.'

"அம்மா செஞ்சது உண்மையிலேயே சிலாப்பா அங்கிள்?" என்று ஷாமினி கேட்டாள். "நானும் போட்டுப் பாத்துட்டேன். எனக்கும் சரியாத்தான் வருது."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்தப் பிள்ளை என்னை வற்புறுத்தவில்லை. தாயைப் போலத்தான். "பதினாறாம் நாள் படைக்கிறப்போ படிக்கணும் அங்கிள். நீங்கதான் அம்மாகூட ரொம்ப நாள் வேல செஞ்சீங்க. நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க," என்று மட்டும் கேட்டாள்.

நாலு வரி நானூறு வரியாகிவிட்டது. மன்னித்துக்கொள் ஷாமினி. நாளை இதை எல்லோர் முன்னாலும் நானே வாசிக்கிறேன். முதலாளிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், முன்வரிசையில் உட்காருவார். நாளை மறுநாள் எனக்கு வேலை இருக்காது. இத்தனை வருடம் இருந்ததே அதிகம்.

முதலாளி தூக்கிப் போடச் சொன்ன அந்தச் சில்லை நான் தூக்கிப் போடவில்லை. என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், துணியில் சுற்றி, இத்தனை வருடமும் இருந்தது. தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம், எறியவும் துணிவில்லாதவன் நான். நேற்று எடுத்துப் பார்த்தேன். காய்ந்து கறுத்துக் கல் மாதிரி இருக்கிறது. நார் மட்டும் அப்படியே இருக்கிறது. படையலில் அக்காவுக்குப் பிடித்த ரவா உருண்டை வைப்பார்கள், தேத்தண்ணீர் வைப்பார்கள். அதன் பக்கத்தில் நான் இதை வைப்பேன்.

லீலாக்கா, குழாய் சரி. வளைவு சரி. ஏழு நோட்டிலும் உங்கள் கணக்கு சரி. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உள்ளே பார்த்தேன் என்று நான் கட்டைவிரலைத் தூக்கினேனே, அது பொய். நான் பார்க்கவில்லை அக்கா.

இனிமேல் கணக்குப் போட வேண்டாம். போய் வாருங்கள்.