ஜியான்ஷுயியில் சுகந்தியின் இரண்டு விலாசங்கள்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நாற்பது கிலோமீற்றர் வரும். விமானம் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். ஆனாலும் ஆறு மணிக்கே வான் பிடித்துவிட்டேன். யுத்தகாலம். வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் இறக்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு நான்கு இடம்.

நான்காவது இடத்தில் கைப்பையைத் தட்டிக் கொட்டியபோது வான்காரத் தம்பியும் எட்டிப் பார்த்தான். கடவுச்சீட்டின் நிழற்பிரதி ஆறு, அடையாள அட்டையின் நிழற்பிரதி ஆறு, பொலிஸ் பதிவுத் துண்டு, என்னுடைய சின்னப் படம் பன்னிரண்டு.

"என்னக்கா, சீனாவிலை போட்டோக்கொப்பிக் கடை போடப் போறியளோ?" என்றான்.

"கேட்டால் குடுக்கத்தானே."

"அவங்களுக்குத் தமிழே தெரியாது. ஆர் உங்களைக் கேக்கப் போறாங்கள்?"

கேட்கமாட்டார்கள் என்று நம்பிப் போய் மாட்டுப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தையில் இருந்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிசில் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கினாலும் போய்ப் பதிய வேண்டும். எங்கள் படிவத்தில் நான்கு பேர்: அண்ணா, அண்ணி, நான், தங்கச்சி சுகந்தி. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், காலி வீதியில் ஒரு கடையில் சட்டை தைக்கிறேன். சுகந்தி ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தவள். சீனாவில் ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கப் போய் இரண்டு வருடமாகிறது. போனாலும் அவளுடைய பெயரை ஒவ்வொரு படிவத்திலும் நான் எழுதிக்கொண்டே வந்தேன். திடீரென்று திரும்பி வந்தால், பெயர் இல்லாத வீட்டில் அவளை எப்படி வைத்திருப்பது?

சனிக்கிழமை, மதியம் ஒன்றரை. பாங்கொக்கில் ஒரு இரவு கதிரையில் கிடந்து, குன்மிங் நகரத்தில் இறங்கினேன். சுகந்தி வெளியே நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் நடை மாறியிருந்தது. கையை வீசி நடந்தாள். கொழும்பில் அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடப்பவள்.

குன்மிங்கிலிருந்து ஜியான்ஷுயி இருநூற்றிருபது கிலோமீற்றர் தெற்கே. பஸ்ஸில் நான்கு மணித்தியாலம். ஆளுக்கு அறுபது யுவான், எங்கள் காசில் எண்ணூற்று நாற்பது ரூபா போல வரும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல தெரு. செம்மண் மலைகள், படியாக வெட்டிய வயல்கள். நான் அவற்றைப் பார்த்ததைவிடச் சோதனைச் சாவடி வருகிறதா என்று பார்த்ததுதான் அதிகம். கடைசிவரை ஒன்றும் வரவில்லை.

பஸ்ஸிலேயே சுகந்தி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பள்ளிக்கூடம் புதுப்பித்தால்தான் விசா. இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"புதுப்பிப்பினமோ?"

"புதுப்பிப்பினம் அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் யோசிக்காமல் இருங்கோ."

யோசிக்காமல் இரு என்று யாராவது சொன்னால்தான் எனக்கு யோசனை தொடங்கும்.

மாலை ஆறரைக்கு நகரத்தின் கிழக்கு வாசலடியில் இறங்கினோம். மாளிகை போன்ற பெரிய பழைய வாசல். அதற்குக் கீழே ஆட்கள் சீட்டுக்கட்டைப் பரப்பிக் கடதாசிக் கூட்டம் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடை. ஒரு நூடில்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, சின்ன பல்கனி. கீழே தெருமுனையில் மூன்று வாய் வைத்த கல் கிணறு. ஒரே நேரத்தில் மூன்று பேர் அள்ளலாம். கடைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் சுகந்தியின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிக் காட்டிச் சிரித்தாள். நான் கொண்டுபோன மிளகாய்த்தூளை மணந்து பார்த்துத் தும்மினாள். பிறகு திரும்பவும் மணந்தாள்.

சுகந்தி ஒரு சின்ன மட்டையைத் தந்தாள். அதில் சீன எழுத்தில் இரண்டு வரி. "வழி தவறினால் இதை ஆருக்கும் காட்டுங்கோ. இஞ்சை கொண்டுவந்து விடுவினம்."

"இஞ்சை வந்தால் பொலிசிலை பதிய வேணும் எல்லோ?" என்று கேட்டேன். விசா படிவத்திலேயே வாசித்திருந்தேன். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள்.

"திங்கட்கிழமை யாங் பாப்பார். ஸ்கூலிலை வெளிநாட்டு ஆக்களின்ரை விஷயம் அவர்தான். நாளைக்கு நீங்கள் வீட்டிலை இருங்கோ."

திங்கள் என்றால் நாற்பது மணித்தியாலம். நான் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. அது விடுதிப் பள்ளிக்கூடம், ஞாயிறும் பாடம் உண்டு. சுகந்தி போய்விட்டாள். நான் எட்டு மணிவரை பல்கனியில் நின்றேன். ஒன்பதுக்கு நூடில்ஸ் சாப்பிட்டேன், நான்கு யுவான். பத்து மணிக்கு என்னால் இருக்க ஏலவில்லை. இவளுக்கு இரண்டு வருடம் வெளியே இருந்து பயம் விட்டுப்போயிற்று, அலட்சியமாக இருக்கிறாள், ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில் அக்கா பதியாமல் இருந்ததாக வந்தால் யாருக்குப் பிரச்சினை என்று நினைத்தேன். கைப்பையை எடுத்தேன்.

பொலிஸ் நிலையத்தைக் கண்டுபிடிப்பது எந்த ஊரிலும் எனக்குக் கஷ்டமில்லை. உள்ளே ஒரு இளம் பெண் சீருடையோடு இருந்தாள். நான் வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தேன். அவள் கதிரையைக் காட்டினாள், கடதாசிக் கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பொலிசில் எனக்குக் கதிரை தந்தது அதுதான் முதல்தடவை. கடவுச்சீட்டு, நிழற்பிரதி, படம் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன். எங்கே தங்குகிறேன் என்று சைகையால் கேட்டாள் போலிருந்தது. மட்டையைக் கொடுத்தேன். பிறகு சுகந்தியின் படத்தைக் காட்டி, "சிஸ்டர். டீச்சர்," என்றேன். படத்தை விரலால் தொட்டு, மட்டையையும் தொட்டு, இவளும் இங்கேயா என்பதுபோலப் பார்த்தாள். ஓம் என்று தலையாட்டினேன். முழு விவரமும் கொடுத்துவிட்ட நிம்மதி.

அவள் ஒரு பதிவைத் திறந்து பார்த்தாள். மட்டையைப் பார்த்தாள். திரும்பவும் பதிவைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

இருபது நிமிடத்தில் யாங் ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயது, கண்ணாடி. பின்னால் சுகந்தி இருந்தாள், கையில் சோக்குத்தூள். என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, அந்த மட்டையையோ குடுத்தனீங்கள்?"

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆசிரியர் பள்ளிக்கூட வளவுக்குள் தந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். பொலிஸ் பதிவில் சுகந்தியின் விலாசம் அதுதான். அவள் குளிர்காலத்திலேயே சொந்தச் செலவில், மாதம் நூற்றைம்பது யுவானுக்கு, இந்த அறைக்கு வந்துவிட்டாள். உள்ளே இருக்கும் வீட்டில் கிழமைக்கு இரண்டுதரம் போய் லைற் போட்டுவிட்டு வருவாள். திங்கட்கிழமை என்னையும் அந்த விலாசத்தில்தான் பதிவதாக இருந்தாள். இதை எனக்கு முதலே சொல்லவில்லை. சொன்னால் நான் அதையும் யோசிப்பேன் என்று விட்டுவிட்டாளாம்.

யாரும் சத்தம் போடவில்லை. பொலிஸ்காரப் பெண் ஒரு வெற்றுத்தாள் கொடுத்தாள். விலாசம் மாறியதை அறிவிக்காதது தவறு, இன்று மாலைக்குள் பள்ளிக்கூட வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று சுகந்தி எழுதிக் கையெழுத்து வைத்தாள். யாங்கும் வைத்தார். ஒப்பந்தம் புதுப்பிப்பது பற்றி இனி அதிபர்தான் முடிவெடுப்பார், வியாழக்கிழமை தெரியும் என்றார். வெளியே வந்து ஸ்கூட்டரைத் திருப்பும்போது அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைச் சுகந்தி பிறகு சொன்னாள்: "எனக்குக் குளிர்காலத்திலேயே தெரியும். ஒருவரும் எழுதாத வரைக்கும் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்போது எழுதியாயிற்று."

மாலை நான்கு மணிக்கு மூன்றுசில்லு வண்டி ஒன்று பிடித்துச் சாமான் ஏற்றினோம். சோற்றுச்சட்டி, புத்தகம், போர்வை, என்னுடைய மிளகாய்த்தூள். எட்டு யுவான். நூடில்ஸ்கடைப் பெண் ஒரு பை நிறைய முட்டை தந்தாள். அவளையும் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அதைக் கேட்டபின் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். சுகந்தி உள்ளே வந்த நேரம், நான் வந்த நேரம், இரண்டையும் குறித்தார். வயதான, நல்ல மனிதர். எனக்கு இரண்டு தோடம்பழம் தந்தார்.

"இதுதான் அக்கா," என்றாள் சுகந்தி. "போனால் எழுதுவார், வந்தால் எழுதுவார். பத்துமணிக்குக் கேற்றைப் பூட்டுவினம். என்ரை பாதுகாப்புக்காம்."

"பாதுகாப்புத்தானே."

"வெள்ளவத்தையிலையும் அப்பிடித்தான் சொல்லுறவங்கள்."

மறைக்காமல் எழுதுகிறேன்: அன்றைக்குத்தான் நான் நல்ல நித்திரை கொண்டேன். பதிந்தாயிற்று, பூட்டிய கேற், ஆள் காவல். விடிய எழும்பியபோது சுகந்தி யன்னலடியில் உடுப்பு மாற்றாமல் இருந்தாள்.

திங்கள் முதல் புதன் வரை. அங்கே ஒரு ஆசிரியருடைய நாள் இப்படிப் போகிறது. ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டு. பிள்ளைகள் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு வகுப்பில் அறுபத்திரண்டு பேர். சுகந்தி இடுப்பில் ஒலிவாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு படிப்பிக்கிறாள். அவளை எல்லாரும் "சு லாவ்ஷி" என்கிறார்கள், சு ஆசிரியர் என்று அர்த்தம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு முடிய, பள்ளிக்கூடம் முழுக்க மேசையில் தலைவைத்து இரண்டரை மணிவரை நித்திரை. கொழும்பில் ஒரு கந்தோரும் இதை நம்பாது. பின்னேரம் திரும்பவும் பாடம், இரவு ஒன்பதரை வரை படிப்பு.

செவ்வாய்க்கிழமை என்னை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பெட்டை எழும்பி, "நீங்களும் ஆசிரியரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நோ. ஐ ஸ்டிச்," என்றேன். அறுபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். சுகந்தியும் தட்டினாள். ஞாயிறுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

புதன் பின்னேரம் வெளியே போனோம். காவல்காரர் நேரம் எழுதினார், நான்கு மணி ஐந்து நிமிடம். அந்த ஊரில் சின்னச் சதுரமாகத் தோஃபு சுடுவார்கள், சோயாவில் செய்கிற கட்டி. நாங்கள் எடுக்க எடுக்க, சுடுகிற பெண் ஒரு சோளமணியைத் தட்டில் போட்டு எண்ணிக்கொள்வாள். சுகந்தி சோளமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளவத்தைப் படிவத்திலை என்ரை பேர் இன்னும் கிடக்கோ?"

"ஓம். ஒவ்வொருமுறையும் எழுதுறனான். நீ வந்தால் வேணுமெல்லே."

"இஞ்சை கேற்றிலை ஒண்டு. பொலிசிலை ஒண்டு. அங்கை ஒண்டு. போன ஞாயிறு வரைக்கும் அந்த ஒரு அறையிலைதான் ஆரும் எழுதாமல் இருந்தனான்." சுடச்சுட ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். "அங்கை இருக்கிறதையாவது வெட்டிவிடுங்கோ. அதுதான் உங்கடை கையிலை இருக்கு."

"வெட்டினால் திரும்ப ஏத்துறது லேசில்லை, பிள்ளை. நாளைக்கே உன்னை அனுப்பிவிட்டால்?"

"அனுப்பினால் பாப்பம்."

அவள் வைத்த தோஃபுவை நான் ஊதி ஊதித் தின்றேன்.

வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. யாங் வந்தார். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: வளவுக்குள் வசிக்க வேண்டும். சுகந்தி வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தாள். யாங் என்னைப் பார்த்து, நூடில்ஸ்கடைக்காரிக்கு எச்சரிக்கை மட்டும்தான், தண்டம் இல்லை என்றார். நான் கேட்கவில்லை. நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

சனிக்கிழமை, காலை எட்டு மணி. பஸ் நிலையம். சுகந்திக்குப் பாடம், திரும்பி ஓட வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் இரண்டு நாளாக வசனம் தேடியிருந்தேன்.

"சுகந்தி, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் அக்கா. நீங்கள் பதியாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்." என் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். "போட்டோக்கொப்பியள் மிச்சம் இருக்கோ?"

"நாலு."

"பிறகென்ன. ராணி மாதிரிப் போங்கோ."

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: குளிர் பயப்படுகிற அளவுக்கு இல்லை, தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், சனங்கள் நல்லவர்கள். தங்குகிற விலாசத்தை, வீட்டுக்காரரைக் கேட்டபின் பதியுங்கள்.

வெள்ளவத்தைக்கு வந்து மூன்றாம் கிழமை புதுப் படிவம் வந்தது. வழக்கமாக அண்ணா சொல்ல நான் எழுதுவேன். இந்தமுறை அவர் வேலையால் வருமுன் நானே எழுதிமுடித்தேன். மூன்று பேர். மூன்றாவது பெயருக்குக் கீழே இருந்த வெற்று வரியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதில் யாரும் எதையும் சேர்க்காதபடி ஒரு கோடு இழுத்தேன்.

பொலிசில் என்னை நிற்கவைத்து, அந்த அதிகாரி பழைய படிவத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கோ மே நங்கி?" எங்கே இந்தத் தங்கை?

சீனாவில் டீச்சர் என்று சிங்களத்தில் சொன்னேன்.

திரும்பி வருவாளா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். வருவாள் என்றால் பெயரை எழுதச் சொல்லுவார். வரமாட்டாள் என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் பழைய படிவத்தில் நான்காவது பெயருக்கு மேலே அடிமட்டம் வைத்துச் சிவப்பில் கோடு போட்டார்.

அன்று பின்னேரம் கொம்யூனிகேஷன் கடையிலிருந்து அவளுக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"வெட்டியாச்சு," என்றேன்.

கேற்றடியில் காவல்காரர் நேரம் கேட்கிறார் போலிருந்தது, அவள் சீனத்தில் சொன்னாள்.

"ஒண்டு குறைஞ்சுது, அக்கா," என்றாள்.