பாஷாவின் யானைப் பொத்தான்

இன்று மயிலாப்பூர் டிராமில் நம்ம தையல்கார பாஷா, எதிரே உட்கார்ந்திருந்த வாலிபனின் மார்பையே முறைத்துக்கொண்டு வந்தான். அடி வாங்கப் போகிறான் என்று நினைத்தேன்.

பட்டாளத்துப் பொத்தான் சேர்க்கிற பைத்தியம் அவனுக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். வாலிபன் போட்டிருந்ததோ பட்டாளத்துக் கோட்டு.

“இன்னா தம்பி, மூணு பொத்தான்ல யானை கீது, ஒண்ணுல நங்கூரம் கீது. நீ சண்டை போட்டது தரையிலயா, கப்பல்லயா?”

வாலிபன் முகம் வாடிவிட்டது.

“தரையிலதான் பாய். ஒண்ணு பர்மாவுல அறுந்துபூட்ச்சு. கெடச்சதத் தச்சிக்கினேன். இப்ப பொண்ணு பாக்கப் போறேன். பொண்ணோட அப்பா பழைய சுபேதார். இதப் பாத்தா சந்தையில வாங்கின கோட்டுன்னு நெனச்சுப்பாரு.”

பாஷா மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தான். நான் தொட்டாலே கையில் அடிப்பானே, அதே டப்பா. அதில் ஒரே ஒரு யானைப் பொத்தான் இருந்தது. அதற்காகப் பழைய சாமான் கடைகளில் அவன் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

ஆடுகிற டிராமிலேயே அதைக் கோட்டில் தைத்துக் கொடுத்தான். நங்கூரத்தை டப்பாவில் போட்டுக்கொண்டான்.

வாலிபன் லஸ்ஸில் இறங்கிக் கும்பிட்டான். பெரிய மனசு என்று நான் பாராட்ட வாய் திறப்பதற்குள் பாஷா வெளியே தலையை நீட்டிக் கத்தினான்:

“பொண்ணு அமையலன்னா பொத்தானைக் குடுத்துடு நைனா, கடை ராயப்பேட்டைல கீது.”

கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பாஷா என்ன வேண்டுகிறான் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.